எழுபதை ஏற்று முப்பதை மறுத்த நிபுணர்: மைசின் சாட்சியம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்னும் மருத்துவ நிரலின் அனுமான முறையை விளக்கி ஷார்ட்லிஃபும் புக்கானனும் 1975இல் வெளியிட்ட கட்டுரையை, நிகழ்தகவுக் கணிதத்தினின்று விலகிச் சென்று பின்னர் அதனிடமே தோற்ற ஒரு முயற்சியின் சாசனமாகக் கொள்வதே இத்துறையில் நெடுநாளைய வழக்கமாக இருந்து வருகிறது. அக்கட்டுரையின் நடுநாயகமான சாட்சியத்தைப் பிழைபடப் பொருள்கொண்டதனாலேயே இவ்வழக்கம் நிலைபெற்றது என்பது என் துணிபு.

அச்சாட்சியமாவது: ஒரு நுண்ணுயிர் கிராம் பாசிட்டிவாகவும், உருவில் கோளமாகவும், சங்கிலித் தொடராக வளர்வதாகவும் காணப்படின், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பதற்கு 0.7 அளவு ஆதாரம் உண்டு என்னும் விதியை ஒப்புக்கொண்ட நிபுணர், அதே மூன்று அடையாளங்களும் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அன்று என்பதற்கு 0.3 அளவு ஆதாரமாகும் என்று கூற இசையவில்லை. இம்மறுப்பைக் கண்டு, மனித அறிவு நிகழ்தகவின் விதிகளுக்கு அடங்காது என்று ஒரு சாராரும், நிபுணர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார் என்று மற்றொரு சாராரும் முடிவு கட்டினர். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு பட்சங்களும், 0.7 என்பது நம்பிக்கையின் நிலையைக் குறிக்கும் எண் என்னும் ஒரே அனுமானத்தின்மீது நிற்பவை.

ஆயின் கட்டுரை தரும் இலக்கணமோ வேறு. ஆதாரம் வருமுன் ஒரு முடிவின்மீது நமக்கிருந்த ஐயத்தில் எவ்வளவு பங்கை அவ்வாதாரம் நீக்கிற்று என்பதையே அங்கு 0.7 போன்ற நிச்சய எண் (certainty factor) அளக்கிறது. முன்னிருந்த நிகழ்தகவு 0.2 எனக் கொள்வோம். எஞ்சிய ஐயம் 0.8, அதில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 0.56, நீங்கினால் புதிய நிகழ்தகவு 0.76 ஆகும். எதிர்முடிவின் நிகழ்தகவு 0.8இலிருந்து 0.24க்கு இறங்குகிறது, அவ்விறக்கமும் முன்னிருந்ததில் பத்தில் ஏழு பங்கே. ஆகவே எதிர்முடிவுக்குரிய நிச்சய எண் −0.7 ஆகுமேயன்றி ஒருபோதும் 0.3 ஆகாது. நிகழ்தகவின் விதி எதையும் மீறாமலே நிபுணரின் மறுப்பு முற்றிலும் நியாயமாகிறது. தம்மிடம் கேட்கப்படாத வேறொரு கேள்விக்கு விடையளிக்கவே அவர் மறுத்தார்.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. முடிவின்மீது தமக்குள்ள நிச்சயத்தை 1 முதல் 10 வரையுள்ள அளவில் கூறுமாறே நிபுணர்கள் கேட்கப்பட்டனர். அத்தகைய கேள்வி மாற்றத்தைவிட நிலையையே நாடுவதாகத் தோன்றும். ஒவ்வொரு நிபுணரும் ஒவ்வொரு விதிக்கும் மாற்றத்தையே மனத்திற்கொண்டு எண் வழங்கினார் என்று நானும் சாதிக்கத் துணியேன். எனினும் கேள்வியின் சொற்களைக் காட்டிலும் விடையளித்தவரின் நடத்தையே அவர் கருத்துக்குச் சிறந்த பிரமாணம், 0.3ஐ மறுத்த செயல் அந்நடத்தையே. பிற்காலத்து நிகழ்தகவு வலையமைப்புகள் இம்முறையை வழக்கொழித்துவிட்டன என்னும் வாதம் இங்கு பொருந்தாது. ஒரு கருவி வழக்கொழிந்ததனால் அதற்கு ஆதாரமான சாட்சியம் பொய்யாகிவிடாது.

அங்ஙனமாயின் மைசினின் குறை எங்கே உளது? மாற்றத்தை அளந்த எண்ணை நிலையாகப் பயன்படுத்திய இடத்தில். 0.8ஆக இருந்த நிகழ்தகவு 0.9 ஆனால் நிச்சய எண் 0.5, 0.2ஆக இருந்தது 0.8 ஆனால் 0.75. இவ்வெண்களை வைத்து வரிசைப்படுத்தினால், குறைந்த நிகழ்தகவுடைய முடிவே முந்தி நிற்கும் என்பதை ஆடம்ஸ் 1976இலேயே காட்டினார். ஒரு விதியின் நிபந்தனைக்குரிய நிச்சய எண் 0.2க்கு மேற்பட்டாலன்றி அவ்விதியைச் செயற்படுத்தாத நிரலின் வரம்பும் இம்மயக்கத்தின் பாற்பட்டதே. 1986இல் ஹெக்கர்மன் நிச்சய எண்ணைச் சாத்தியக்கூறு விகிதத்தின் (likelihood ratio) சார்பாக மறுவிளக்கம் செய்து, மாற்றத்தின் அளவை என்னும் வகையில் அதற்கு ஒழுங்கான பொருள் காண இயலும் என நிறுவியமை நம் வாசிப்புக்கு அரணாகிறது.

ஆகவே, நிபுணரின் அறிவை எண்ணாக்கி இயந்திரத்துக்கு ஊட்டுவோர், அவர் வாயினின்று வரும் எண் எந்த முன்னிலையிலிருந்து புறப்பட்டது என்பதையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அவ்வொரு கேள்வியை விடுத்து, நிபுணர் பகுத்தறிவுக்கு ஒவ்வாது பேசினார் எனத் தீர்ப்புரைப்பது ஆராய்ச்சி அறமாகாது.