மரத்தளச் சட்டங்கள்

மரத்தளச் சட்டம் என்பது வீட்டையொட்டி அமைக்கும் திறந்த மரத்தளத்தில் மேல்பலகைகளைத் தாங்கும் கிடைமரம். மலாய் மொழியில் இதற்குக் கெலேகார் என்று பெயர். தளத்தின் பளு பலகையிலிருந்து சட்டத்துக்கும், அங்கிருந்து விட்டத்துக்கும், பின் தூண் வழியாகத் தரைக்கும் இறங்குகிறது. அடுத்தடுத்த இரு சட்டங்களின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் சட்ட இடைவெளி எனப்படும். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஜெலுத்தோங் போன்ற இடங்களில் தளத்தின் ஆயுள் இந்த இடைவெளியை மட்டுமல்ல, ஈரத்தையும் பொறுத்தது.

இடைவெளி

பொதுவான இடைவெளி 400 மி.மீ. (ஏறத்தாழ 16 அங்குலம்). பலகைகளை மூலைவாட்டில் பதித்தால் ஒவ்வொரு பலகையும் சட்டத்துக்குச் சட்டம் தாண்டும் தூரம் கூடும். அப்போது 300 மி.மீ. நல்லது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகளுக்கும் நெருக்கமான சட்டங்களே தேவை. தடித்த வன்மரப் பலகைக்கு 600 மி.மீ. வரை விடுவதுண்டு.

2.5 மீட்டர் நீளச் சட்டங்களை 400 மி.மீ. இடைவெளியில் வைத்தால், ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர் தளத்தைச் சுமக்கும். சதுர மீட்டருக்கு 190 கிலோ எனக் கொண்டால் ஒரு சட்டத்தின் பங்கு 190 கிலோ. இடைவெளியை 600 மி.மீ. ஆக்கினால் அது 285 கிலோவாகிவிடும்.

வலிமை

சட்டத்தின் அகலத்தைவிட உயரமே முக்கியம். 50 × 100 மி.மீ. சட்டத்தைப் படுக்கையாக வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தினால் விறைப்பு 4 மடங்காகும். அதே பரவிய பளுவுக்கு, விட்டங்களின் இடைத்தூரம் 2 மீட்டரிலிருந்து 3 மீட்டரானால் சட்டத்தின் தொய்வு சுமார் 5 மடங்காகும். எனவே நடந்தால் அதிரும் தளத்துக்குப் பலகையை மாற்றுவதைவிட நடுவே ஒரு விட்டம் கொடுப்பதே பயன் தரும். சட்டங்கள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, இடையிடையே குறுக்குக் கட்டைகள் அடிக்கப்படுகின்றன.

மரமும் ஈரமும்

ஊருக்குப் பெயர் தந்ததாகக் கருதப்படும் ஜெலுத்தோங் மரம் இலேசானது. பென்சிலுக்கும் செதுக்கு வேலைக்கும் ஏற்றது, வெளித்தளச் சட்டத்துக்கு உதவாது. மலேசியாவின் மரக்கட்டுமான விதித்தொகுப்பான எம்.எஸ். 544, மரங்களை வலிமைப்படி 7 பிரிவுகளாக வகுக்கிறது. செங்காலும் பாலாவும் முதல் பிரிவில் உள்ளன. ஜார்ஜ் டவுன் வெல்டு கீ கரையில் உள்ள சீனக் குலத்துறைகளில், சேற்றில் ஊன்றிய கால்கள் மீது சட்டமும் பலகையும் பரப்பி வீடுகளும் நடைபாதைகளும் நிற்கின்றன. அங்கே கப்பல் புழு, உப்புநீர் இரண்டையும் மரம் எதிர்கொள்கிறது. கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வீடுகளில் கறையானே முதல் எதிரி.

சேதம்

2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு பால்கனி சரிந்து 6 பேர் இறந்தனர். நீர் புகுந்து அதன் சட்டங்கள் உளுத்துப்போயிருந்தன. சட்டங்கள் எத்தனை நெருக்கமாக இருந்தாலும், சுவரோடு சேரும் முனை உளுத்தால் தளம் நிற்காது. அதனால் அந்த முனைகளைச் சுவரில் தாங்கும் சுவர்ச் சட்டத்தை ஆணியால் மட்டும் அடிக்காமல் போல்ட்டால் பிணைத்து, மேலே நீர் புகாத தகடு பொருத்துகிறார்கள். பலகைகளுக்கிடையே 5 மி.மீ. சந்து விட்டால் மழைநீர் வடிந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் சட்ட முனைகளைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பது எளிய சோதனை: திருப்புளி மரத்துக்குள் சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும்.