லிப்ஸ்டிக் குழலும் பரீட்சை அட்டையும்

பழைய டான்எலெக்ட்ரோ கிதார் ஒன்றைத் திருப்பிப் பார்க்கும் மரவேலைக்காரர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. முகப்பிலும் முதுகிலும் மரப்பலகை இல்லை. மாணவர்கள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டை இருக்கிறதே, அந்த ஹார்டுபோர்டு. பக்கவாட்டைச் சுற்றிச் சொரசொரப்பான வினைல் பட்டை ஒட்டியிருக்கிறது. தந்திகளின் அடியில் இருந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் லிப்ஸ்டிக் குழல்போல் மினுக்குகிறது. உண்மையில் அது லிப்ஸ்டிக் குழலேதான். மலிவுச் சாமானில் இப்படிப் பழக்கமில்லாத அமைப்பைக் கண்டால், காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அது பாதிப் பதில்தான். மிச்சம் பிடித்த இடத்தில் வைத்த பொருள் என்ன வேலை செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இவற்றைச் செய்த நேதன் டேனியல் மரத்தச்சர் அல்லர், ஆம்ப்ளிஃபயர் செய்பவர். 1947-ல் டான்எலெக்ட்ரோவைத் தொடங்கி, நியூ ஜெர்சியிலிருந்து சியர்ஸ் போன்ற தபால்வழி வியாபார நிறுவனங்களுக்குச் சரக்கு அனுப்பினார். 1954-ல்தான் கிதாருக்கு வந்தார். அதே ஆண்டு வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249.50 டாலர். சியர்ஸ் 1962-ல் சில்வர்டோன் என்ற பெயரில் விற்ற டேனியலின் கிதார் 67.95 டாலர், அதன் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் சேர்த்தி! மின்கருவிக்காரர் கண்ணுக்குக் கிதார் வேறு மாதிரி தெரிந்திருக்கும். பிக்கப் உணர்வது தந்தியின் அசைவை. உடம்பு தந்தியின் இழுவையைத் தாங்கி விறைப்பாக நின்றால் போதும். அதனால் மலிவான மரச்சட்டம் ஒன்றைச் செய்து, மேலும் கீழும் ஹார்டுபோர்டை ஒட்டினார். 1920-களில் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில் வில்லியம் மேசன் உருவாக்கிய பலகை அது. மரச்சிம்புகளை நீராவியால் வெடிக்கவைத்து நாராக்கி, அழுத்திச் செய்வது. இதற்கு ரேகை ஓட்டம் கிடையாது. ஆகவே ரேகையோடு பிளக்காது, ஆண்டுக்கணக்கில் உலர்த்தவும் வேண்டாம். விளிம்புதான் இதன் பலவீனம். ஈரம் ஏறினால் உப்பும், உதிரும். அலங்காரமாகத் தோன்றும் வினைல் பட்டை அந்த விளிம்பையும் சட்டத்தின் ஒட்டையும் சேர்த்து மூடுகிறது.

பிக்கப்பில் இந்த யோசனை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காந்தக் கட்டையின் மேல் கம்பியைச் சுற்றி, நாடா ஒட்டி, லிப்ஸ்டிக் குழல்கள் இரண்டுக்குள் இரு பக்கமாகச் செருகினார்கள். தனி அச்சு வார்க்க வேண்டியதில்லை. அழகுசாதனத் தொழிலுக்காக ஏற்கனவே லட்சக்கணக்கில் உருண்டுகொண்டிருந்த குழல் போதும். ஆனால் அந்த உலோக உறை வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலையும் ஓரளவு தடுக்கிறது. அதற்குள் இருக்கும் சிறிய சுருள் தெளிவான, கண்ணாடிபோன்ற ஒலியைத் தருகிறது. இரண்டு பிக்கப்களையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? ஃபெண்டரிலும் கிப்சனிலும் அவை பக்க இணைப்பில் இருந்தன; டேனியல் தொடர் இணைப்பில் கோத்தார். சேர்த்த மாத்திரத்தில் ஒலி தடித்து, உரத்துப் பாய்கிறது. இதில் மிச்சமான காசு என்று எதைச் சொல்வது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. டான்எலெக்ட்ரோவை வாசித்த ராக் கலைஞர் ஜிம்மி பேஜ் போன்ற மேதை கையில் எது கிடைத்தாலும் பாடும். உடைந்து குப்பைக்குப் போனவை நம் கணக்கில் வருவதே இல்லை. எஞ்சியவற்றுக்குப் பழமை என்ற பூச்சு வேறு. நியாயமான மறுப்புதான். ஆனால் செலவு ஒரு பொருட்டாக இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் அது தளர்கிறது. நிறுவனத்தை 1966-ல் எம்சிஏ என்ற பொழுதுபோக்கு நிறுவனம் வாங்கி 1969-ல் மூடிவிட்டது. பின்னாளில் நாஷ்வில்லில் ஜெரி ஜோன்ஸ் இதே கிதார்களைக் கைவேலையாக, நல்ல விலைக்குச் செய்தபோதும் ஹார்டுபோர்டையும் லிப்ஸ்டிக் குழல் பிக்கப்பையும் கைவிடவில்லை. ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் வாசித்த கிதார்களில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் ஒன்று உண்டு. அதில் மூன்று லிப்ஸ்டிக் குழல்களைப் பொருத்தியிருந்தார்கள். சிக்கனம் மட்டுமே காரணம் என்றால், சிக்கனம் தேவைப்படாதவர் அதைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

எல்லாவற்றுக்கும் இப்படி வக்காலத்து வாங்க முடியாது. தந்திகளைத் தாங்கும் குதிரையில் ஆறுக்கும் சேர்த்து ஒரே மரத்துண்டு. ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே திருத்த வழியில்லாததால், கழுத்தில் மேலே போகப்போகச் சுருதி நழுவும். இது வெறும் சிக்கனம். இதில் மறைபொருள் தேட வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், 1967-ல் கோரல் என்ற பெயரில் இதே நிறுவனம் கிதார் கலைஞர் வின்சென்ட் பெல்லோடு சேர்ந்து மின்சார சிதாரைக் கொண்டுவந்தபோது, புதுமை முழுவதும் இந்தக் குதிரையில்தான் வந்து உட்கார்ந்தது. தந்தி அகலமான, லேசாக வளைந்த பரப்பை உரசிக்கொண்டு அதிர்கிறது, ரீங்காரம் பிறக்கிறது. வீணைக் குதிரையின் மேல் உள்ள வெண்கலத் தகட்டையோ, தம்புராவின் ஜீவா நூலையோ அறிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். பார்ப்பவர் கண்ணைப் பறிப்பது பக்கத்தில் தனியாகக் கட்டிய 13 சிறு தந்திகள். அவை ஒலியில் சேர்ப்பது கொஞ்சம்தான்.