மிதிவண்டியும் மதுரைச் சமவெளியும்

மதுரையின் மாசி வீதிகள் தேர் உருள்வதற்கென்று அகன்றவை. மிதிவண்டி அவற்றில் பிற்காலத்தில் வந்து குடியேறியது. நாயக்கர் காலக் கோட்டை மதிலை 1837ஆம் ஆண்டு தொடங்கி ஆட்சியர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். அகழி தூர்க்கப்பட்டது, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் தோன்றின. சதுரத்துக்குள் சதுரமாய் அடங்கிய அந்நகரில் எவ்விடமும் எட்டாத் தொலைவன்று. மேடு குறைந்த வைகைச் சமவெளியும் மிதிப்பவர் காலுக்கு இசைவாயிற்று.

1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியபின் மிதிவண்டி தமிழ்நாட்டிலேயே உருவாகும் பொருளாயிற்று. பால் கேனும் பூக்கூடையும் அதன்மீதேறி நகருக்குள் வந்தன. வாங்க இயலாதவர்க்கு வாடகைக் கடை இருந்தது. எனினும் இருக்கையில் அமர்ந்தவர் பெரும்பாலும் ஆடவரே.

அந்த வழக்கத்தை வலுவாக அசைத்த நிகழ்ச்சி மதுரையில் அன்று, வடகிழக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கல்லுடைக்கும் பெண்களும் கிராமச் செவிலியரும் மிதிக்கக் கற்றனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஏறத்தாழ 1,500 பெண்கள் கொடிகட்டி, மணியொலித்து ஊர்வலமாகச் சென்றனர். ஏளனம் செய்தோரும் உண்டு. ஆனால் பலர் ஆடவர்க்குரிய வண்டியையே விரும்பி வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் அன்றோ! பேருந்துக்காகக் காத்திருந்த பொழுது அவர்களுக்கே மீண்டது. விடுதலை என்னும் பெருஞ்சொல்லுக்கு இதைவிட எளிய பொருள் கூறுதல் அரிது.

காலமோ எதிர்த்திசையில் சென்றது. 1989க்குப் பின் பொதுவுடைமை ஆட்சி நீங்கிய கிழக்கு ஐரோப்பிய நகரங்களில் கார்கள் பெருகின. 1991இன் பொருளாதார மாற்றத்திற்குப் பின் மதுரையிலும் மோட்டார் வண்டிகள் பெருகின. இரு நிலங்களிலும் சொந்த எந்திர வண்டியே முன்னேற்றத்தின் அடையாளமாக எண்ணப்பட்டது. சைக்கிள் ஏழையின் அடையாளமாய்த் தாழ்ந்ததுதான் வருந்தத்தக்கது.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் அதனைப் பிற மாணாக்கர்க்கும் விரிவாக்கியது. மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் பலர் அவ்வண்டியில்தான் மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றனர். அதே காலப்பகுதியில் அவ்வூர்களை ஒட்டிய நெடுஞ்சாலைகள் நான்கு வழிச் சாலைகளாயின. வண்டியை வழங்கியது ஒரு துறை; சாலையை அகலப்படுத்தியது வேறொரு துறை. பள்ளி எதிர்ப்புறத்தில் இருந்தால், சீறிவரும் லாரிகளுக்கிடையே அம்மாணவி இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே சாலையைக் கடக்க வேண்டியதாயிற்று.