கிண்டர்கார்டன் வாத்தியார் எம்.சி. ராஜா

பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியது யார் என்று கடையத்தில் கேட்டால், யோசிக்காமல் பாரதி என்பார்கள். தப்பில்லை. செல்லம்மாள் பிறந்த ஊர் இது. 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்த பாரதி 1920 வரை இங்கேதான் இருந்தார். அக்கிரகாரம் அவரை ஒதுக்கி வைத்த கதையும், கழுதைக்குட்டியைத் தூக்கிக்கிட்டுத் தெருவில் போன கதையும் இன்னமும் சொல்லுதாக. அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கு. ஒரு கவிஞனை ஊர் இப்படி நினைவில் வைத்திருப்பது நல்ல காரியம்தான்.

ஆனால் எங்கள் தெருவில், மடியில் பீடித்தட்டை வைத்துக்கிட்டு, காலால் தொட்டிலை ஆட்டுகிற ஆச்சி பாடுவது பாரதி பாட்டில்லை. நிலாவைக் கீழே கூப்பிடுகிற பாட்டு, கையை வீசச் சொல்லுகிற பாட்டு, சாய்ந்தாடச் சொல்லுகிற பாட்டு. "யாரு ஆச்சி எழுதுனது?" என்று கேட்டால், "இதை எவன் எழுதுவான், வாய்ல வந்ததுதானல" என்பாள். பால்வாடி டீச்சரைக் கேட்டாலும் இதே பதில்தான்.

இந்தப் பாட்டுகளை அச்சில் ஏற்றி வகுப்பறைக்குக் கொண்டுவந்த புத்தகத்துக்குப் பெயர் உண்டு, வருசம் உண்டு. 'கிண்டர்கார்டன் ரூம்', 1930. எழுதியவர்கள் இரண்டு பேர்: ரங்கநாயகி அம்மாள், எம்.சி. ராஜா. ஒருவர் பெண், ஒருவர் பறையர். இரண்டு பெயரும் பாட்டிலிருந்து உதிர்ந்துவிட்டன. பாட்டு மட்டும் எல்லாச் சாதி வீட்டுத் தொட்டிலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எம்.சி. ராஜா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சட்டமன்றமும் ராஜா - மூஞ்சே ஒப்பந்தமும்தான். அவர் பிழைத்த தொழிலை யாரும் பேசுவதில்லை. அவர் பள்ளிக்கூட வாத்தியார். பாடப்புத்தகம் எழுதியவர். 1883இல் சென்னையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்து, கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, ஆசிரியர் வேலைக்குப் போனார். தனியாகவும் மற்றவர்களோடு சேர்ந்தும் பள்ளிக்கூடப் புத்தகங்கள் பல எழுதினார். 1916இல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளரானார். பிறகுதான் சட்டமன்றம், ராவ் பகதூர் பட்டம், டெல்லி எல்லாம். அரசியல்வாதி ராஜாவுக்கு முன்னால் பிறந்தவர் வாத்தியார் ராஜா.

பறையர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதே பெரும் சண்டையாக இருந்த காலம் அது. அயோத்திதாசர் போன்றவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1894இல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். அது தேவைப்பட்டதற்குக் காரணம், மற்றப் பள்ளிகளின் கதவு சாத்தியிருந்ததுதான். உள்ளே விட்ட இடத்திலும் பிள்ளை தனியாக, தள்ளித்தான் உட்கார வேண்டும். வாத்தியார் தொடமாட்டார். பிரம்பைக்கூட எறிந்துதான் அடிப்பார் என்று நம் பெரியவர்கள் பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில், பறையர் ஒருத்தர் எழுதிய புத்தகத்தைச் சாதி இந்துப் பிள்ளை கையில் விரித்து வைத்துப் படிக்கிறது என்றால், அது சின்ன விசயமா? ஆசிரியனைத் தொடமாட்டான். ஆசிரியன் எழுதியதைத் தொட்டுத்தான் ஆகணும்.

அவர் எடுத்துக்கொண்ட கிண்டர்கார்டன் முறையையும் கவனிக்கணும். ஜெர்மனியில் ஃபுரோபெல் என்ற கல்வியாளர் 1837இல் தொடங்கி, 1840இல் இந்தப் பெயரை வைத்தார். பிள்ளையை மிரட்டி மனப்பாடம் செய்ய வைக்காமல், பாட்டு, விளையாட்டு, கைவேலை வழியாகச் சொல்லிக்கொடுக்கிற முறை. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கைக்கு இரண்டே வேலை: மணலில் எழுதுவது, அடி வாங்குவது. கிண்டர்கார்டனில் கை ஆடும், வீசும், தட்டும், பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து வட்டம் சுற்றும். டீச்சர் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டணும். தள்ளி நின்று நடத்த முடியாத பாடம் இது. தீண்டாமையை வைத்துக்கொண்டு யாரும் கிண்டர்கார்டன் நடத்த முடியாது. தொட்டால்தான் பாட்டே தொடங்கும்.

ராஜாவின் மற்ற வேலைகளை இதோடு சேர்த்துப் பாருங்கள். அரசாங்கப் பதிவேடுகளில் பறையன், பஞ்சமன் என்று எழுதாமல் ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்று அவர் சட்டமன்றத்தில் போராடி, 1922இல் ஆணை வந்தது. பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்தில் நம் பிள்ளையின் பெயருக்கு எதிரே விழுந்த மசிதான் அதில் மாறியது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருவிலும் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்றது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி அது. 1925இல் ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி ராஜா ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். அதை ஆளுகிறவர்கள் படிக்கணும். 1930இல் வந்த புத்தகத்தை மூணு வயசுப் பிள்ளை பாடணும். அரசியல் ஒரு ராஜா, புத்தகம் ஒரு ராஜா என்று பிரிக்க முடியாது. பெயர், வழி, கை மூன்றும் ஒரே வழக்கின் பகுதிகள்.

இந்தப் பாட்டெல்லாம் முன்னமே மக்கள் வாயில் இருந்தவைதானே, ராஜாவுக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். இருந்திருக்கட்டும். வாய்வழிப் பாட்டைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, பாடம் என்று வகுப்பில் வைப்பது ஆசிரியனின் உழைப்பு. ஏட்டுச்சுவடியைத் தேடி அச்சிட்டவர்களுக்குத் தாத்தா பட்டம் கொடுக்கிறோம். தொட்டில் பாட்டை அச்சிட்டவரிடம் மட்டும் உனக்கு என்ன பங்கு என்று கேட்கிற நியாயம் எந்த ஊர் நியாயம்?

மறந்ததில் நம் பங்கும் இருக்கிறது. 1930இல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனார்கள். ராஜாவுக்கு அழைப்பில்லை. 1932இல் அவர் தனித்தொகுதியை விட்டுவிட்டு மூஞ்சேயோடு கூட்டுத்தொகுதி ஒப்பந்தம் போட்டார். அம்பேத்கருக்கு எதிரான நிலை அது. அந்தக் கோபத்தில் நம் மேடைகள் அவர் பெயரை விழுங்கிவிட்டன. அவர் நம்பிய காங்கிரசு என்ன செய்தது? 1938இல் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை முதலமைச்சர் ராஜாஜி ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. 1942இல் கிரிப்சைப் பார்க்கப் போனபோது ராஜா அம்பேத்கரோடு சேர்ந்தே போனார். அடுத்த வருசம் இறந்துபோனார். 1932இல் அவர் எடுத்த நிலை தவறு என்றே நான் சொல்லுவேன். அதற்காக ஒரு வாத்தியாரின் உழைப்பு முழுவதையும் கழித்துவிட முடியாது. கழித்தால் நட்டம் நமக்குத்தான்.

ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் சொல்லப்படுவது, 'உங்களுக்கு எழுத்து ஏதுடா' என்பதுதான். எழுத்து நமக்கு யாரோ போட்ட பிச்சை என்கிற மாதிரி பேசுகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளை முதன்முதல் கற்கிற பாட்டில் பறையர் வாத்தியார் ஒருவரின் கை இருக்கு என்று தெரிந்தால், அந்தப் பேச்சுக்கு வேறு பதில் தேவையில்லை.

தலித் ஆய்வாளர்கள் இந்தப் புத்தகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மிச்ச வேலை நமக்கு. மிசன் பள்ளிகளின் பழைய அலமாரி, ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டுப் பரண், பழைய புத்தகக்கடை எங்கே பழைய பாடப்புத்தகம் கிடைத்தாலும் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எம்.சி. ராஜா என்று இருந்தால் எடைக்குப் போட விடாதீர்கள். பிள்ளைக்கு அடுத்த முறை நிலாப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, இதை அச்சில் ஏற்றிய வாத்தியார் பெயர் இன்னது என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரங்கநாயகி அம்மாள் பெயரையும் விட்டுவிட வேண்டாம்.