பிறர் சமைத்த சோறு

உணவு உண்பவனைத் தேடி வருவது இந்நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. பினாங்குத் துறைமுகத்தில் உழைத்தோருக்குத் தமிழ் முஸ்லிம் வணிகர் தோள்தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுச் சுமந்து சென்று விற்றனர். அத்தடியின் மலாய்ப் பெயராலேயே அவ்வுணவு நாசி கண்டார் என வழங்கலாயிற்று. சிங்கப்பூரில் தெருத்தெருவாய்க் கூவி விற்றவர்கள் 1971க்கும் 1986க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உணவங்காடி நிலையங்களில் இடம் பெற்றனர். பின்னர் 2012இல் ஃபுட்பாண்டாவும் 2018இல் கிராப்ஃபூடும் வந்தன. 2020இல் நோய்த்தொற்றின் காரணமாக மலேசியாவில் மார்ச் 18 முதலும் சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதலும் கடையில் அமர்ந்து உண்பது தடுக்கப்பட்டபோது, கைப்பேசிச் செயலி வழியே சோறு தருவிப்பது இல்லந்தோறும் பழக்கமாகிவிட்டது.

பழைய முறைக்கும் புதியதற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. கண்டார் சுமந்தவரின் பானையை வாங்குவோர் எட்டிப் பார்த்தனர். குழம்பின் மேல் மிதந்த எண்ணெயையும் கண்டனர். இன்றோ நாம் காண்பது ஒரு நிழற்படமும் விலையும் மட்டுமே. அடுப்பு எங்குள்ளது என்பதைக்கூட அறியோம்.

கண்காணா அடுப்பில் வெந்த சோறு உடலை என்ன செய்யும் என்னும் வினா மலாயாவில் நூறாண்டுக்கு முன்பே எழுந்தது. அது உயிர்களைப் பலிகொண்ட வினா. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்க்குப் பொதுச் சமையலில் நன்கு தீட்டிய வெள்ளையரிசிச் சோறு கிடைத்தது. அவர்களைப் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் சோர்ந்து மடிந்தனர். அதே மண்ணில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. சிரம்பானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதனைக் கூர்ந்து நோக்கினார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோயின் வேர் அரிசியில்தான் உள்ளது என அவர் வாதிட்டு 1907இல் ஒரு நூலே வெளியிட்டார். அரிசியில் தோன்றும் நச்சே காரணம் என்று அவர் எண்ணியது பிழையாயினும் சுட்டிய பொருள் சரியே.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெச்சர் 1905 டிசம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர் முற்றத்தின் கீழ்ப்புறக் கூடத்தில் தங்கி, வழக்கம்போல் சயாமின் வெள்ளையரிசியையே உண்டனர். இரட்டைப்படை எண்ணினர்க்கு மேல்புறக் கூடம். அவர்களுக்கு இந்தியாவின் புழுங்கலரிசி. பிற உணவு எல்லாம் ஒன்றே. ஓராண்டு கழிந்தபோது வெள்ளையரிசிக் கூடத்தில் பெரிபெரியால் 18 பேர் இறந்திருந்தனர். மற்றக் கூடத்தில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தம் தட்டில் எது விழுகிறது என்று கேட்கும் நிலையில் அந்நோயாளிகள் இல்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

ஹென்றி ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல் நெகிரி செம்பிலானின் காட்டுப் பகுதியில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரை இரு குழுவாக்கி ஆய்ந்தனர். வெள்ளையரிசி உண்டோரிடையே நோய் தோன்றியதும் உணவை மாற்றினர். நோயும் அடுத்த குழுவிற்கு மாறிற்று. தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் காக்கும் பொருள் உள்ளது என்பது தெளிந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் அப்பொருள் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. 1926இல் ஜான்சனும் டோனாத்தும் ஜாவாவில் அதைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று அதனை வைட்டமின் பி1 என்கிறோம். சுரங்கத்தில் வயிறு நிறைந்தது; உடல் வற்றியது. பசி தீர்ந்ததையே உணவின் சான்றாகக் கொண்டதால் நேர்ந்த கேடு அது.

இன்றைய கேடு குறைவால் வருவதன்று, மிகுதியால் வருவது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகையான எடை அல்லது உடற்பருமன் உடையோர். நீரிழிவு உடையோர் 15.6 விழுக்காட்டினர். பெரிபெரியிலிருந்து புழுங்கலரிசியால் தப்பிய நம் இனத்தவரைப் பார்த்தால் துயரமே மிஞ்சும்: மலேசியாவில் நீரிழிவு மிகுதியாய்க் காணப்படுவது இந்தியரிடையேதான். சிங்கப்பூரர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சோடியம் 3,620 மில்லிகிராம் என 2022இல் கண்டறியப்பட்டது. 2,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இப்பழியை எல்லாம் செயலிகள் மீது சுமத்துவது நேர்மையாகாது. கடையில் உட்கார்ந்து உண்பவனும் இதே உப்பைத்தான் உண்கிறான். எனினும் செயலி வாணிபத்தின் இயல்பையும் மறைப்பதற்கில்லை. அரைமணி நேரம் பெட்டிக்குள் அடைபட்டுச் சுவை குன்றாமல் வந்து சேர்வன பொரித்த கோழி, கெட்டிக் குழம்பு, பிரட்டிய மீ போன்றவை, கீரை துவண்டுவிடும். விநியோகக் கட்டணம் தவிர்க்க இன்னும் சில வெள்ளிக்கு வாங்குக எனத் திரை தூண்டும்போது இனிப்புப் பானம் ஒன்று கூடவே சேர்கிறது. விற்பனையில் 30 விழுக்காடு வரை தரகாகப் போகும் கடைக்காரர் எதில் சிக்கனம் பிடிப்பார் என்பது சமையல் அறிந்தவர்க்கு விளங்கும். காய்கறியின் விலை எண்ணெயின் விலையைவிட அவரை உறுத்தும்.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. மலேசியா 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. சிங்கப்பூர் 2022 டிசம்பர் 30 முதல் அடைத்த பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் சர்க்கரை, கொழுப்பு அளவின்படி தரவெழுத்தை ஏற்படுத்தியது. இங்கிலாந்தோ 2022 ஏப்ரலில் பெரிய உணவு நிறுவனங்கள் தம் பட்டியலில் கலோரியைக் காட்ட வேண்டும் எனச் சட்டமிட்டு, செயலி வழி விற்பனையையும் அதனுள் அடக்கியது. நம்மிடம் கோப்பைக்கு வந்த அளவுகோல் சோற்றுப் பொட்டலத்தை எட்டவில்லை. திரையில் வரும் கடைப் பட்டியல்கள் மிளகாய் கூடுதலாக வேண்டுமா, முட்டை சேர்க்கவா என்று கேட்கின்றன. என்ன அரிசி என்று சொல்லும் கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.