மார்ச் 24இல் எழுதிய ஒப்பந்தம்

எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாத பாராளுமன்றத்தில் சிறு கட்சியின் கை ஓங்கும் என்பர். அந்தக் கை எத்தனை நாள் ஓங்கி நிற்கும் என்பதை ஈழத்தமிழராகிய நாம் 1965ஆம் ஆண்டிலே கற்றுக்கொண்டோம். 2010 மே மாதத்தில், கிங்ஸ்பரிவாழ் நம்மவரும் வாக்களித்த பிரித்தானியப் பொதுத்தேர்தலின் பின்னர், அதே நிலையை இந்நாட்டிலும் கண்டோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் நன்று.

1964 டிசம்பர் 3ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் ஒரேயொரு வாக்கினால் தோல்வியுற்றது. 1965 மார்ச் 22இல் தேர்தல் நடைபெற்றது. 151 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 66ஐயும், சிறீ லங்கா சுதந்திரக் கட்சி 41ஐயும், தமிழரசுக் கட்சி 14ஐயும் பெற்றன. ஆட்சியமைக்க 76 பேர் வேண்டும். டட்லி சேனநாயக்கா தமிழரசுக் கட்சியின் வாசலுக்கு வந்தார். மார்ச் 24இல் அவரும் தந்தை செல்வநாயகமும் ஒப்பந்தமொன்றிற் கைச்சாத்திட்டனர். மறுநாள் டட்லி பிரதமரானார். தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் செனட்டராகி, உள்ளூராட்சி அமைச்சரானார்.

ஒப்பந்தம் கூறியது யாது? வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழியாகும். நீதிமன்றங்களிலும் தமிழுக்கு இடமுண்டு. மாவட்ட சபைகள் நிறுவப்படும். குடியேற்றத் திட்டங்களில் அவ்வம் மாவட்டத்துக் காணியற்றோருக்கே முதலிடம். கேட்பதற்கு இனியவையே. எனினும் மாவட்ட சபைகளுக்குரிய அதிகாரங்கள் எவையென அதில் எழுதப்படவில்லை. இரு தலைவர்களும் பின்னர் பேசித் தீர்மானிப்பர் என்றே விடப்பட்டது. எந்நாளுக்குள் என்ற வரையறையும் இல்லை.

விளைவு நாம் அறிந்ததே. 1966 ஜனவரியில், தென்னிலங்கையின் கடும் எதிர்ப்புக்கிடையே, தமிழ்மொழிப் பயன்பாட்டு விதிகள் பாராளுமன்றத்தில் நிறைவேறின, நடைமுறையோ நொண்டியது. மாவட்ட சபைகள் பற்றிய வெள்ளை அறிக்கை 1968இலேயே வெளிவந்தது. எதிர்க்கட்சிகளும் ஆளுங்கட்சியினர் சிலரும் எதிர்க்கவே கைவிடப்பட்டது. அதே ஆண்டில், திருகோணமலைக் கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது குறித்து ஆராயத் திருச்செல்வம் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்தினார். அமைச்சர் பதவி துறந்தார். கட்சியும் அரசாங்கத்தைவிட்டு விலகியது. 1957இல் எழுதி, 1958இல் கிழிக்கப்பட்ட பண்டா-செல்வா ஒப்பந்தத்தின் பக்கத்தில் இதுவும் சேர்ந்தது.

இனிப் பிரித்தானியாவைப் பார்ப்போம். 2010இல் 650 ஆசனங்களில் 57ஐ மட்டுமே வென்ற லிபரல் டெமோகிரற் கட்சி, கொன்சவேற்றிவ் கட்சியுடன் கூட்டாட்சியிற் சேர்ந்தது. கூட்டாட்சியின் வேலைத்திட்டம் அம்மாதமே அச்சிட்டு வெளியிடப்பட்டது. தேர்தல்முறை மாற்றம் பற்றிய சர்வசன வாக்கெடுப்பு சட்டமாக்கப்பட்டு, 2011 மே 5இல் நடந்தேறியது. அதில் அக்கட்சி தோற்றது. 2015 தேர்தலில் 8 ஆசனங்களாகவும் சுருங்கியது. ஆட்சிக் கூட்டுக்குரிய விலையை அதுவும் கொடுத்தது. ஆயினும் வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற உறுதி காற்றிற் பறக்கவில்லை. சட்டமும் திகதியும் அதனைக் கட்டி வைத்திருந்தன.

டட்லி நல்லெண்ணம் அற்றவர் என்று நாம் கூறவில்லை. நல்லெண்ணம் மட்டும் ஒரு மக்களின் உரிமைக்குக் காவலாகாது என்பதே எமது வாதம்.

இது பழங்கதை அன்று. இலங்கை பொதுநலவாய நாடாகையால், இங்கு வதியும் அனுமதி பெற்ற நம்மவர், பிரித்தானியக் குடியுரிமை கிட்டுமுன்னரே, வாக்காளராகப் பதிந்து பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். வேட்பாளர் கிங்ஸ்பரியில் எமது கதவைத் தட்டி, தமிழருக்காகக் குரல் கொடுப்போம் என்று கூறுகையில், நன்றி சொல்வதோடு அமையாது இரு வினாக்களையும் தொடுப்போம்: எச்சட்டத்தின் மூலம்? எத்திகதிக்குள்? 1965இல் மாவட்ட சபைகள் குறித்து ஒப்பந்தத் தாளில் எழுதப்படாது போனவை அவ்விரண்டுமே.