பாகம்: யாருடைய கைக்கு?

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால், இந்த நடுவிரல் நுனியிலிருந்து அந்த நடுவிரல் நுனிவரை ஒரு பாகம். முத்துக்குளித்துறையில் கடலின் ஆழம் இந்த அளவில்தான் பேசப்பட்டு வந்திருக்கிறது. ஒரு பாகம் என்பது ஆறு அடி, அதாவது 1.83 மீட்டர் என்று எழுதிவிட்டு நமது வரலாற்று நூல்கள் நகர்ந்துவிடுகின்றன. இந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

கணக்குப்படி பத்துப் பாகம் 18.29 மீட்டர். கயிறு அளந்தவரின் கைவிரிப்பு ஐந்தரை அடி என்றால் அது 16.76 மீட்டர்தான். ஐந்தடி வித்தியாசம். காகிதத்தில் இது பிழை. ஆனால் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிற தண்ணீரில், கல்லைப் பிடித்து மூச்சடக்கி இறங்குகிறவருக்கு அந்த ஐந்தடி ஒரு ஆள் உயரம். திரேஸ்புரத்தில் ஒரு சங்குகுளியாளரிடம் கேட்டேன்: "எட்டுப் பாகம்னா யாரு கைக்கு?" "முங்குறவன் கைக்குத்தான், வேற யாரு கைக்கு?" என்றார்.

இதை வைத்து உடல் அளவையைப் புனிதப்படுத்திவிட முடியாது. சோழர் நிலத்தை அளந்து வரி விதித்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர். கடவுளின் காலடி அரசின் கணக்குக்குள் வந்துவிட்டது. ஆங்கிலேயரின் 'ஃபேதம்' என்ற சொல்லுக்கும் வேர்ப்பொருள் விரித்த கைகள்தான். பழைய ஐரோப்பாவில் அளவுகோல் பிரபுக்களின் கையில் இருந்ததை வித்தோல்ட் கூலா எழுதியிருக்கிறார். 1790களில் பிரெஞ்சுப் புரட்சி மீட்டரை எல்லா மக்களுக்குமான அளவாகத்தான் அறிவித்தது.

ஆகவே உடலா எண்ணா என்பது கேள்வியல்ல. அளப்பவர் யார் என்பதே கேள்வி. போர்த்துக்கீசியரின் கைவிரிப்பான 'பிராசா' சுமார் 2.2 மீட்டர். தூத்துக்குடியை 1658இல் பிடித்த டச்சுக்காரர்களுக்கு வேறோர் அளவு. பின்னால் வந்த ஆங்கிலேயருக்கு 1.83 மீட்டர். ஒரே பாருக்கு, ஆள்கிறவர் மாற மாற, ஆழத்தின் எண்ணும் மாறியது. முங்குகிறவருக்கு ஆழம் மாறவில்லை. ஆனால் பாரைச் சோதிப்பதும் குளிப்பு நடக்குமா என்று அறிவிப்பதும் அரசின் கையில் இருந்தன. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை.

அளவுச் சண்டை மட்டும் ஓயவில்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையிலிருந்து குறிப்பிட்ட கடல் மைல் தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. வள்ளக்காரரின் கடலறிவு பாகத்தில், கீழ்நோக்கி இருக்கிறது. சட்டத்தின் எல்லை தூரத்தில், கிடையாக இருக்கிறது. கடலடிச் சரிவு இடத்துக்கு இடம் மாறுவதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் வாய்பாடு எதுவும் கிடையாது. எல்லை மீறல் வழக்கில் கருவி காட்டும் எண் சாட்சியாகும். "அங்கன ஆறு பாகந்தாம்யா" என்பது வெறும் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சையும் சாட்சியமாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.